ஒரு நாள் பின்னால் சாப்பிட்டவர்

பஞ்சாட்சரத்துக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் இருந்ததில்லை. சொந்தத் தறி இருந்தது. ஓடு மாற்றிய வீடு இருந்தது. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும் மகன் இருந்தான். காஞ்சிபுரத்தின் சிறந்த நெசவாளி என்று அவரைச் சொல்ல மாட்டேன். கரை நேராக வரும், சொன்ன நாளில் புடவை வரும், அவ்வளவுதான். ஐம்பத்தேழு வயதில் அவர் உண்மையாக விரும்பியது ஒன்றே ஒன்று: அன்று சமைத்ததை அன்றே, சூடாக, சாப்பிட வேண்டும்.

அது அவருக்குக் கிடைக்கவில்லை.

காரணம் வறுமை அல்ல, மிகுதி. அவர் மனைவி கலையரசி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது சாப்பிட உட்காருகிறவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேருக்கு அரிசி அள்ளிய கை அது. பிறகு மாமனாரும் மாமியாரும் காலமானார்கள். நாத்தனார்கள் கல்யாணமாகிப் போனார்கள். கொழுந்தனார்கள் தனிக்குடித்தனம் போனார்கள். மகன் ஒரகடம் போனான். கை மட்டும் எங்கும் போகவில்லை. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அது இன்னும் பதினோரு பேருக்கு அள்ளியது.

மிச்சத்தைக் குப்பையில் கொட்டுவது கலையரசிக்குப் பாவம். பழையது தீர்ந்தால்தான் புதியதைத் தொடலாம் என்பது அவள் வைத்திருந்த சட்டம். ஆகவே காலையில் பஞ்சாட்சரம் நேற்றையதைச் சாப்பிடுவார். அவர் அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள், அடுப்பிலிருந்து இறங்கிய புதியது ஆறி, பழையதாகிவிடும். மறுநாள் அதைச் சாப்பிடுவார். முன்பெல்லாம் ஒரு குழம்புக்கு ஆயுள் இருந்தது. இரண்டாம் நாள் மாலை அது தானாகவே ஊசிப்போய் மனிதனுக்கு விடுதலை கொடுக்கும். மகன் முதல் போனஸில் ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் குழம்புக்கு மரணம் இல்லாமல் போனது. தெருவே வெள்ளிக்கிழமையில் இருக்கும்போது பஞ்சாட்சரம் வியாழக்கிழமையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

கொஞ்சமாகச் சமைத்தால் என்ன என்று அவர் கேட்டுப் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் அவளிடமிருந்து வந்தது ஒரே பதில்.

"யாராவது வந்தா?"

அந்த 'யாராவது' பற்றி பஞ்சாட்சரம் நிறைய யோசித்திருக்கிறார். அவர் யார், எந்த ஊர், எந்தப் பஸ்ஸில் வருவார் என்பதற்குக் கலையரசியிடம் தகவல் கிடையாது. அவர் இதுவரை வந்ததுமில்லை. ஆனால் கடவுள் விஷயத்தில் போலவே, இதுவரை வரவில்லை என்பதை வைத்து வரமாட்டார் என்று நிரூபிக்க முடியாது. எனவே தினமும் அவருக்கு இலை போடாத குறையாகச் சமையல் நடந்தது. தினமும் அவருடைய பங்கைப் பஞ்சாட்சரம் மறுநாள் தின்றார்.

வழி ரேஷன் கடையில் பிறந்தது. பாமாயிலுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, முன்னால் நின்றவர் பருப்பு இல்லையா என்று சண்டைக்குப் போனார். கடைக்காரர் சுவரில் தொங்கிய இருப்புப் பலகையைப் பார்த்துத் தலையை மட்டும் திருப்பினார். அரிசி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, துவரம் பருப்பு இல்லை. சண்டை நின்றுவிட்டது. பஞ்சாட்சரம் அந்தப் பலகையை நெடுநேரம் பார்த்தார். இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அரசாங்கத்தின் அரிசி இத்தனை வெளிப்படையாக இருக்க முடியும் என்றால், ஒரு வீட்டுச் சாம்பார் எதற்காக ஃபிரிட்ஜில் ஒளிந்திருக்க வேண்டும்?

தெருமுனையில் மூடிக்கிடந்த டியூஷன் சென்டரின் கரும்பலகையைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டு வாசல் சுவரில் மின்சார மீட்டருக்குக் கீழே மாட்டினார். கட்டம் போட்டார். பொருள், சமைத்த நாள், இருப்பு. சமைத்த நாள் என்ற கட்டம் ரேஷன் கடைப் பலகையில் கிடையாது. அது அவரே சிந்தித்துச் சேர்த்தது. வினையும் அதில்தான் வந்தது. முதல் நாள், ஒரு வியாழக்கிழமை, நல்ல கையெழுத்தில் எழுதினார்: வத்தக்குழம்பு, புதன், ஒரு சட்டி. முருங்கைக்காய்ச் சாம்பார், செவ்வாய், அரைச் சட்டி. சாதம், நேற்று இரவு, மூன்று பேருக்கு. வேண்டுவோர் பாத்திரம் கொண்டுவரவும்.

பிறகு போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்து வீட்டு அகிலா பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். வேலைக்குக் கிளம்பும்போது பலகையைப் படித்தாள். கலையரசி வாசலுக்கு வந்ததும் விசாரித்தாள்.

"அக்கா, செவ்வாக்கெழம சாம்பார் இன்னமும் இருக்குதாமே?"

கால்களைக் குழிக்குள் விட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கும் மனிதன் சட்டென்று எழுந்து ஓட முடியாது. கலையரசிக்கு அது தெரியும். நேரே வந்து தறிக்கு முன்னால் நின்றாள்.

"இன்னாங்க, என் மானத்த சாக்பீஸ்ல எழுதி மாட்டி வெச்சிருக்கீங்க?"

"மானத்த எங்கம்மா எழுதினேன்? சாம்பாரத்தான் எழுதினேன். இருக்குதுன்னா இருக்குது, இல்லன்னா இல்ல."

"கெழம போட்டு எழுதினா அது சாம்பாரா?"

இந்தக் கேள்வியில் ஞாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒரு பொருளைப் பார்த்து அது மீதியா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. சட்டியில் இருப்பது வெறும் சாம்பார். அதற்குக் கிழமை போட்ட பிறகுதான் அது மீதியாகிறது, சமைத்தவள் கணக்குத் தெரியாதவள் ஆகிறாள்.

அவள் ஈரத்துணியோடு பலகையை அழிக்கப் போனபோது, அங்கே ஓர் ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். பின் தெருவில் இருக்கும் தாவீது. ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவி விடியுமுன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவதால் மத்தியானச் சாப்பாடு அவருக்கு எப்போதும் ஒரு பிரச்சினை. கலையரசியைப் பார்த்ததும் கேட்டார்.

"அக்கா, அந்த வத்தக்குழம்ப குடுத்துடாதீங்க. டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு வந்துடறேன். அது ரெண்டாம் நாள்தாங்க்கா குழம்பு."

கலையரசியின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. இத்தனை வருடம் அவள் யாருக்காகச் சமைத்தாளோ அந்த 'யாராவது' வந்துவிட்டார். டிபன் பாக்ஸ் எடுக்கப் போயிருக்கிறார். அவள் பலகையை அழிக்கவில்லை. உள்ளே போய்ச் சோற்றைக் கிளறி வைத்தாள்.

இரண்டு வாரத்தில் மற்ற வீட்டுக்காரர்களும் அந்தப் பலகையில் எழுத ஆரம்பித்தார்கள். முதலில் வீட்டின் பெயர் போடாமல் எழுதினார்கள். பிறகு வாங்க வருகிறவர் எங்கே போய்க் கதவைத் தட்டுவது என்று தெரியாததால் பெயரோடு எழுதினார்கள். பலகை இந்தத் தெருவுக்கு மட்டுமா, பின் தெருவுக்கும் சேர்த்தா என்று ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார். படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் என்றார் பஞ்சாட்சரம். பெரியவர் வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் தன் வீட்டு ரசத்தை எழுதிவைத்தார்.

அகிலா இதையே வாட்ஸ்அப் குழுவாக மாற்றிப் பார்த்தாள். அது நிலைக்கவில்லை. பூசணிக் கூட்டு இருக்கிறது என்ற செய்தி காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்களுக்குக் கீழே புதைந்துபோய், யாரோ தோண்டி எடுத்தபோது கூட்டு புளித்திருந்தது. சாக்பீஸ்தான் நிலைத்தது.

பலகை மறைக்காததால் சில விஷயங்கள் தெரிய வந்தன. ஒரு வீட்டில் பாதாம் அல்வா இருப்பதாக எழுதுவார்கள். கிண்ணத்தோடு போனால் இப்போதுதான் தீர்ந்தது என்பார்கள். இன்னொரு வீட்டில் இரண்டு பேருக்கான சாப்பாடு மீதி என்று எழுதியிருந்தால் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எதிர் வீட்டுக் குமரகுரு, பஞ்சாட்சரத்தோடு சேர்ந்து தறி பழகிய நெசவாளி, நாக்கில் ஊசி வைத்திருப்பவர். அவர் வீட்டில் தினமும் உப்புமா மீதி. அந்த வரியை அழிக்க வேண்டிய தேவை ஒரு நாளும் வரவில்லை. அதைப் பெயின்டிலேயே எழுதிவிடட்டுமா என்று பஞ்சாட்சரம் கேட்டதிலிருந்து குமரகுரு அவர்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

அந்தத் தெருவில் பாதிப் பேர் சைவம். மீதிப் பேர் வெளியில் சைவம். ஒரு செவ்வாய்க்கிழமை, உப்புமாவுக்கும் ரசத்துக்கும் நடுவில் தாவீது எழுதினார்: கருவாட்டுக் குழம்பு, நேற்று, ஒரு கிண்ணம். எல்லோரும் வந்து படித்தார்கள். யாரும் அழிக்கவில்லை. மாலையில் பார்த்தால் அந்த வரிக்குப் பக்கத்தில், எடுத்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு டிக் போட்டிருந்தது. எடுத்தது யார் என்பது தாவீதுக்குத் தெரியும். இன்றுவரை சொல்லவில்லை. அந்த மனிதரைப் பற்றி நான் மனதாரப் பாராட்டும் ஒரு விஷயம் அது.

குப்பை வண்டி தள்ளிவரும் பொன்னி பச்சை வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தெருவில் எல்லோரும் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்களா என்று கேட்டாள். முன்பு இந்தத் தெரு முடிவதற்குள் அவள் வாளி சோற்றால் கனக்கும். இப்போது கறிவேப்பிலையும் வாழைப்பழத் தோலும்தான். பஞ்சாட்சரம் அன்று தறியில் உட்கார்ந்து கொஞ்சம் பாடினார்.

ஆனால் அவருடைய சாப்பாடு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தானே இவ்வளவும்.

கலையரசியின் குழம்புக்கு டிபன் பாக்ஸ்கள் வரிசையில் நின்றன. அதைக் குப்பை குறைப்பு என்று அவள் எடுத்துக்கொள்ளவில்லை. கைமணத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் இன்னும் ஒரு கை அரிசி கூடியது. அதோடு இன்னொன்றும் நடந்தது. நாலு பேர் படிக்கும் பலகையில் பழைய கிழமையைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. எனவே அன்று இறக்கிய குழம்பு அன்றைய கிழமையோடு பலகைக்குப் போனது. நேற்றையதும் முந்தாநாளையதும் பஞ்சாட்சரத்தின் தட்டுக்கு வந்தன.

"இன்னைக்கு வெச்சத எனக்கு ஊத்தக் கூடாதா?" என்று ஒரு மத்தியானம் கேட்டார்.

"ஊருக்குப் போறது நல்லதா போவணும் இல்ல? நீங்க வீட்டு மனுஷன்தானே."

இப்படியாக, ஒரு நாள் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தன் சொந்த முயற்சியால் இரண்டு நாள் பின்னால் போனார். தெருவில் சோறு வீணாகவில்லை, உண்மை. ஐயம்பேட்டை ரோட்டில் தாவீது சிக்னலில் நிற்கும்போது அவர் ஆட்டோவிலிருந்து பஞ்சாட்சரத்தின் வீட்டு வெங்காயச் சாம்பார் மணந்தது, அதுவும் உண்மை.

வேறு ஆளாக இருந்தால் பலகையைக் கழற்றியிருப்பார். பஞ்சாட்சரம் அதில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்தார். தகவல் தாமதமாக வருவதுதான் கோளாறு என்று அவருக்குப் பட்டது. சமைத்த பிறகு மீதியை அறிவிப்பதற்குப் பதில், சமைக்குமுன் யார் சாப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மீதியே வராது. கலையரசியும் 'யாராவது' என்று சொல்ல முடியாது. பலகையில் பெயர் இருக்கும், அல்லது இருக்காது. நல்ல யோசனைதான். அதைச் சோதிக்க அவர் தேர்ந்தெடுத்த நாள்தான் தவறு. அவர் வீட்டுப் பாவு நீட்டும் நாள் அது.

பாவு நீட்டுவது தனி ஒருவர் வேலை இல்லை. மூன்று புடவைக்கான பட்டிழைகளைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, ஒட்டியதைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுமுன் காயவைத்துச் சுருட்ட வேண்டும். பத்துப் பேராவது வேண்டும். காற்று அடித்து இழைகள் சிக்கிக்கொண்டால் மூன்று புடவையும் போன மாதிரி. ஆனாலும் யாரும் யாரையும் அழைப்பதில்லை. விடியற்காலையில் பாவு கட்டத் தரையில் கட்டை அடிக்கும் சத்தம் கேட்டால் தெருவில் இருப்பவர்கள் எழுந்து வருவார்கள். முடிந்ததும் பாவுக்காரர் வீட்டில் பொங்கல். எத்தனை பேர் என்று பாவுக்காரர் கேட்பதில்லை. சாப்பிடவா வந்தேன் என்று வந்தவரும் சொல்வதில்லை. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் இலை விழும்.

பஞ்சாட்சரம் வியாழக்கிழமை காலை பலகையில் எழுதினார்: நாளை நம்ம பாவு. முடிந்ததும் பொங்கல் சாப்பிடுகிறவர்கள் கீழே பெயர் எழுதவும். கீழே நிறைய இடம் விட்டிருந்தார்.

தெருவே படித்தது. அகிலா படித்துவிட்டு வேலைக்குப் போனாள். குமரகுரு படித்துவிட்டு, இன்னொரு முறை வந்து படித்தார். யாரும் சாக்பீஸைத் தொடவில்லை. கை கொடுக்க வருகிறேன் என்று வேண்டுமானால் ஒரு மனிதன் எழுதலாம். பொங்கலுக்கு வருகிறேன் என்று எவன் எழுதுவான்? மாலையில் வழக்கம்போல மீதி வரிகள் மட்டும் பலகையின் அடிப்பாகத்தில் சேர்ந்தன. பெயர்களுக்கான இடம் கறுப்பாகவே இருந்தது.

அதுவரை தன் வீட்டு வரியைத் தவிர வேறெதையும் படிக்காத கலையரசி அன்று பொறுமையாக வந்து நின்று முழுவதையும் படித்தாள்.

"யாரும் வரல போல."

"எழுதாம இருப்பாங்களா? எழுதுவாங்க."

"எழுதலையே. அப்ப ரெண்டு பேருக்குப் போட்டுடறேன்."

"ஒரு வேள யாராவது வந்தா?" என்றார் பஞ்சாட்சரம். சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று அவருக்கு உறைத்தது.

"இருக்குதுன்னா இருக்குது, இல்லன்னா இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க. பலகையில இல்லன்னு போட்டிருக்குது."

அவள் எல்லாம் தெரிந்தேதான் இப்படிச் செய்தாளா என்று பின்னால் பல பேர் கேட்டுப் பார்த்தார்கள். இன்றுவரை பதில் வரவில்லை. பஞ்சாட்சரத்தின் நிலை அன்று சிக்கலானது. தெருவைப் புண்படுத்திவிட்டோம், நாளை யாரும் வரமாட்டார்கள், பாவு போச்சு என்று ஒரு பக்கம் பயம். மறுபக்கம், இரண்டே பேருக்கு, அன்றே செய்த, சுடச்சுடப் பொங்கல். அதை நினைக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனாலும் மனத்தின் ஒரு மூலையில் நெய் உருகிக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, காமாட்சியம்மன் கோயில் மணி கேட்கும் நேரத்தில் அவரே கட்டைகளை அடித்தார். சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. கலையரசி ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை எடுத்துக்கொண்டு அவர் நடந்தார். நடுவில் பட்டு தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது. காற்று லேசாகக் கிளம்பியது.

அப்போது எதிர்க் கதவு திறந்தது. வாயில் பிரஷ்ஷோடு குமரகுரு வந்தார். நேரே போய் நடுவில் பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு அகிலாவின் கணவர். பிறகு ரசம் எழுதும் பெரியவர். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் இருவராக வந்து, காலங்காலமாக நிற்கும் அவரவர் இடத்தில் நின்றார்கள். தாவீது ஆட்டோவைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்தி, பைக்குகள் உள்ளே வராதபடி காவல் இருந்தார். இழைகள் பிரிந்தன, முடிச்சுகள் விழுந்தன, கஞ்சி காய்ந்தது. பாவு நன்றாகவே வந்தது. பஞ்சாட்சரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கஞ்சி தெறித்துவிட்டதாகச் சொன்னார்.

பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனதும், எல்லோரும் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு சுவர் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்த குமரகுரு தலையை நிமிர்த்திப் படித்தார்.

"பஞ்சாட்சரம், உன் கணக்குப்படி இங்க யாருமே இல்லப்பா. அப்போ பாவ நீட்டினது யாரு?"

பஞ்சாட்சரம் உள்ளே போனார். அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் இருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு சின்னப் பாத்திரம் உண்டென்பதே அவருக்குத் தெரியாது. மூடியைத் திறந்தார். மிளகு, சீரகம், முந்திரி, மேலே பொன்னிறமாக நெய். ஆவி முகத்தில் அடித்தது. அன்று செய்தது. அவருக்காகச் செய்தது. வருடக்கணக்காக அவர் கேட்டது அப்படியே முன்னால் இருந்தது. வெளியே பன்னிரண்டு பதிமூன்று பேர் இலைக்காகக் காத்திருந்தார்கள்.

கலையரசி கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கொஞ்ச நேரம் அந்த ஆவியில் நின்றார். பிறகு பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டார். கரண்டியை எடுக்கப்போய், அளவைப் பார்த்துவிட்டு, அதை வைத்துவிட்டு ஊறுகாய் ஸ்பூனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கலையரசி முன்னால் இலை போட்டுக்கொண்டே போக, ஒவ்வோர் இலையிலும் ஒரு ஸ்பூன் வைத்தார். கடைசி இலை வரைக்கும் சரியாக வந்தது. இழை பார்த்துப் பழகிய கண் அந்த ஒரு விஷயத்தில் அவரைக் கைவிடவில்லை.

குமரகுரு தன் பங்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கோயில்ல கூட இத விட ஒரு விரல் சேத்துக் குடுப்பாங்கப்பா."

யாரும் சிரிக்கவில்லை. பசி நேரம். பஞ்சாட்சரம் காலிப் பாத்திரத்தோடு நின்றார். கேட்டது தப்பு என்றும், யாராவது வந்தால் என்பது என்னவென்று இப்போதுதான் புரிகிறது என்றும், இன்னும் ஏதோவும் சொல்லத் தொடங்கினார். அது எங்கே போய் முடிந்திருக்குமோ தெரியாது. தாவீது நடுவில் எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணன் பலகை மேல்பக்கம் எழுதினத வுடுங்க. கீழ பாருங்க. அகிலாம்மா வீட்டுல இட்லி மாவு ரெண்டு ஈடு. பெரியவரு வீட்டுல லெமன் சாதம். மூணாம் வீட்டுல தேங்காத் தொவையல். குமரகுரு அண்ணன் வீட்டுல உப்புமா."

கடைசி வரியில் மட்டும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குது," என்றார் தாவீது. "ஆனா இன்னிக்கு வெள்ளிக்கெழம." சொல்லிவிட்டு ஒரு திசையிலும் பார்க்காமல் உட்கார்ந்தார். வரிசையில் ஒருவர் மட்டும் தன் இலையைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார்.

அகிலா எழுந்துபோய் இட்லித் தட்டை ஏற்றினாள். இன்னொருவர் துவையல் கொண்டுவந்தார். பெரியவர் வீட்டிலிருந்து குண்டானோடு லெமன் சாதமும் ரசமும் வந்தன. முந்தின நாள் இரவே எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதியிருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. அவரவர் தன் வரியை எடுத்துவர உள்ளே போனார்கள், அவ்வளவுதான். இதைப் பெரிய சாதனை என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு பாவு நாளில் பொங்கல் தவிர மற்றதெல்லாம் இலை நிறையப் பரிமாறப்பட்டது அந்தத் தெருவில் அதுவே முதல் தடவை என்று மட்டும் சொல்லலாம். அன்றுதான் குமரகுரு வீட்டு உப்புமாவும் தீர்ந்து, அந்த வரியும் அழிந்தது. அதைப் பஞ்சாட்சரமே தன் கையால் அழித்தார். குமரகுரு எழுந்து நின்று பார்த்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு, பெயர் எழுதும் கட்டத்தையும் அழித்தார். பிறகு பசி தெரிந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தார். புதன்கிழமை மோர்க்குழம்பு இருந்தது.

"அத எடுக்காதீங்க. இப்படி வாங்க," என்றாள் கலையரசி அடுப்படியிலிருந்து.

காலிப் பாத்திரத்தை மறுபடி அடுப்பில் வைத்திருந்தாள். அடியில் ஒட்டியிருந்த பொங்கல் காந்தி, செம்பழுப்பாகப் பொரிந்திருந்தது. மேலே கொஞ்சம் நெய் விட்டு, தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்தாள். மொத்தம் இரண்டு கை இருக்கும். தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சூடா இருக்குது. பாத்து சாப்பிடுங்க."

"நீ?"

"நான் அகிலா வீட்டு இட்லி சாப்பிட்டுட்டேன். நாளைக்குப் பெரிய பானையதான் எடுப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

அவர் மறுக்கவில்லை. வாயில் போட்டுக்கொண்ட முதல் கவளம் நாக்கைச் சுட்டது. கொஞ்சம் கசந்தது, நொறுங்கியது, நெய் மணந்தது. ஊதி ஊதிச் சாப்பிட்டார். வெளியே தெருவில் வெள்ளிக்கிழமை நடந்துகொண்டிருந்தது. உள்ளே பஞ்சாட்சரமும் வெள்ளிக்கிழமையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.